கயிறும் அதிகாரமும்

பெரிய கம்பெனிகளின் நிர்வாகிகள் சில காலமாக ஒரு புதிய மந்திரத்தை ஜபித்து வருகிறார்கள். மேலிருந்து உத்தரவு இறங்குவதும் கீழிருந்து அறிக்கை ஏறுவதுமான பழைய ஏணி முறையைக் கைவிட்டு, சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒருவரோடொருவர் நேரில் கலந்து, காலத்தின் போக்குக்கேற்ப விரைவில் திரும்பும் சக்தியைப் பெறவேண்டும் என்பது அம்மந்திரத்தின் பொருள். 'அஜைல்' என்று இதற்குப் பெயர். 2001-ம் வருஷம் பிப்ரவரி மாதம் அமெரிக்காவிலே யூட்டா மாகாணத்து மலை விடுதி ஒன்றில், கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் 17 பேர் கூடி வெளியிட்ட பிரகடனத்திலிருந்து இப்பெயர் பரவிற்று. பிறகு பாங்கிகளும் இதைத் தழுவின. நெதர்லாந்து தேசத்து ஐ.என்.ஜி. பாங்கி 2015-ல் தன் தலைமைக் காரியாலயச் சிப்பந்திகள் சுமார் 3,500 பேரை, ஏறக்குறைய ஒன்பது பேர் அடங்கிய குழுக்களாக மாற்றி அமைத்தது.

கொள்கையைப் பற்றி நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் குழுவுக்குப் புதுப் பெயர் சூட்டுவது சுலபம். நாற்காலிகளை இடம் மாற்றிப் போடுவது அதனினும் சுலபம். அதிகாரம் உண்மையில் இடம் மாறியதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அதை நமது வாசகர்கள் முன் வைக்கிறோம்.

கலிபோர்னியாவில் பிரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. எந்தக் குறை நேர்ந்தாலும் வரிசை நிற்கக்கூடாது என்பது அங்கே வேதவாக்கு. பழுதுள்ள வண்டி பழுதோடேயே நகர்ந்து போகும்; கடைசியில் வேறொருவர் அதைப் பிரித்துச் சரிசெய்வார். கண்ணெதிரே தவறு நடக்க, வாய் திறக்க உரிமையில்லாத மனிதனுக்கு வேலையில் பற்று எப்படி உண்டாகும்? ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்களும் அங்கே இருந்தன. தொழிலாளர் கெட்டவர்கள் என்று நிர்வாகம் தீர்ப்புக் கூறியது. 1982-ல் தொழிற்சாலை மூடப்பட்டது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதே கூடத்தில், 1984-ல், ஜப்பானின் டொயோட்டா கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 'நும்மி' என்ற பெயரில் வேலை தொடங்கியது. சேர்க்கப்பட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பழைய ஆட்களே. தொழிற்சங்கமும் பழைய சங்கமே. மாறியது முறை. குழுத் தலைவர்கள் ஜப்பானுக்குச் சென்று டொயோட்டாவின் தொழிற்சாலையிலேயே பயின்று வந்தார்கள். அதிகாரிகளுக்கென்று தனிச் சாப்பாட்டு அறை கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வரிசை நெடுகிலும் ஒரு கயிறு கட்டப்பட்டது. குறை கண்ட தொழிலாளி அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். உரிய நேரத்துக்குள் குறை தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும். நூல் அறுந்தால் தானே நிற்கும் தறியை 1924-ல் அமைத்த சாகிச்சி டொயோடாவின் யோசனையே இங்கே மனிதனின் கைக்கு வந்தது. வேலைக்கு வராதவர் தொகை நூற்றுக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது. வண்டிகளின் தரமோ ஜப்பானில் செய்தவற்றுக்கு நிகராயிற்று.

கயிறு கட்டினால் போதுமா? இழுப்பவனுக்கு அச்சம் இருக்கக்கூடாது. கம்பெனியின் ஜீவனுக்கே அபாயம் வந்தாலொழிய ஆட்குறைப்பு இல்லை என்றும், அப்பொழுதும் முதலில் மேலதிகாரிகளின் சம்பளமே குறைக்கப்படும் என்றும் சங்கத்தோடு ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1988-ல் விற்பனை சரிந்தபோது அந்த வாக்கு சோதனைக்கு வந்தது. ஒருவரும் நீக்கப்படவில்லை, வேலையற்ற நேரம் பயிற்சிக்குச் செலவாயிற்று. அந்த வருஷத்தில் சம்பாதித்த நம்பிக்கையை எந்தப் பிரசங்கத்தாலும் சம்பாதித்திருக்க முடியாது.

மறுபக்கத்தையும் மறைக்க நாம் விரும்பவில்லை. முன்பு நிமிஷத்தின் 60 விநாடிகளில் சுமார் 45 விநாடி உழைத்தவர், நும்மியில் சுமார் 57 விநாடி உழைத்தார். இது புதுவிதக் கசக்கிப் பிழிதல் என்று தொழிற்சங்க வட்டாரங்களில் சிலர் கண்டித்தார்கள். அக்கண்டனத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

ஜெனரல் மோட்டார்ஸின் மற்றத் தொழிற்சாலைகளில் என்ன நடந்தது? லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த வான் நைஸ் தொழிற்சாலையிலும் குழு முறை புகுத்தப்பட்டது. ஆனால் அதைச் சங்கத்தை உடைக்கும் சூழ்ச்சியென்று தொழிலாளரில் பலர் சந்தேகித்தனர், சங்கம் இரண்டுபட்டது. 1992-ல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. கற்ற பாடத்தை வீடு முழுதும் பரப்ப அக்கம்பெனிக்குப் பல்லாண்டுகள் பிடித்தன. 2009 ஜூன் மாதம் அது திவாலாகிக் கோர்ட்டுக்குப் போயிற்று, நும்மியிலிருந்தும் விலகிற்று. தனியே நடத்த டொயோட்டா இசையவில்லை. 2010 ஏப்ரலில் நும்மியும் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான கைதேர்ந்த தொழிலாளர் வேலை இழந்தனர். அவர்கள் வேலையில் குறை சொல்ல யாராலும் முடியவில்லை. ஆனால் தொழிற்சாலையை வைப்பதா மூடுவதா என்ற தீர்மானத்தில் அவர்கள் கைக்கு எந்தக் கயிறும் எட்டவில்லை.

ஆகவே, ஒரு பெரிய கம்பெனி புதிய முறைக்கு மாறிவிட்டோம் என்று பறைசாற்றும்போது, சிப்பந்திகளும் அவர்களுடைய சங்கங்களும் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். தவறைக் கண்ட கடைசிச் சிப்பந்தி வேலையை நிறுத்த முடியுமா? நிறுத்தியவன் மறுநாளும் அதே இடத்தில் இருப்பானா? நஷ்டம் வந்தால் முதலில் குறைவது யாருடைய சம்பளம்? இவற்றுக்கு எழுத்து மூலம் பதில் வாங்கிய பிறகு, குழுக்களின் பெயரைப் பற்றி ஆறுதலாக யோசிக்கலாம்.