ஏசி குடிப்பது மணிக்கணக்கில்

கத்திரி தொடங்கிவிட்டால் சர்வீஸ் சென்டர்களில் அதிகம் காதில் விழும் புகார், “மைலேஜ் அடி வாங்குது.” லிட்டருக்கு 14 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 10 கொடுக்கிறது. பிளக்கை மாத்துங்க, இன்ஜெக்டரைக் கிளீன் பண்ணுங்க என்று வண்டிக்காரரே வைத்தியமும் சொல்லிவிடுவார். விவரம் தெரிந்த மெக்கானிக் அதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, “எங்க சார் ஓட்டுறீங்க, சிட்டிக்குள்ளயா, ஹைவேஸ்லயா?” என்று கேட்பார்.

சரியான கேள்வி. நாம் எரிபொருளைக் கிலோமீட்டர் கணக்கில் பார்த்துப் பழகிவிட்டோம். ஏசிக்கு அந்தக் கணக்கே தெரியாது. வண்டி ஓடினாலும் நின்றாலும், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று அது பெட்ரோலை வாங்கிக்கொள்கிறது. ஏசியால் மைலேஜ் 5 சதவீதம் குறையும் என்பார் ஒருவர், 25 சதவீதம் என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரியாக இருக்க முடியும். ஓட்டும் சாலைதான் வேறு.

வழக்கமான பெட்ரோல் காரில் ஏசிக்கென்று தனி மோட்டார் கிடையாது. எஞ்சின் சுழற்றும் பெல்ட்தான் கம்ப்ரஸரையும் சுழற்றுகிறது. ஏசி ஸ்விட்சை அழுத்தியதும் பானெட்டுக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வருமே, அது கம்ப்ரஸரின் காந்தக் கிளட்ச் பெல்ட்டோடு ஒட்டிக்கொள்ளும் சத்தம். அந்த நொடியில் எஞ்சின் சற்றே மூச்சு வாங்குவதைக் காலிலேயே உணரலாம். வண்டிக்குள் கொதிக்கும் காற்றைக் குளிர்விக்கும் முதல் சில நிமிடங்களில் கம்ப்ரஸர் 2 முதல் 4 கிலோவாட் வரை இழுக்கும். கிட்டத்தட்ட மூன்று முதல் ஐந்து குதிரைத்திறன்: வயலில் ஓடும் சிறிய பம்ப்செட் ஒன்றை எஞ்சினோடு கட்டிவிட்ட மாதிரி. கார்புரேட்டர் காலத்து மாருதி 800-ன் மொத்தத் திறனே 40 குதிரைத்திறனுக்குள்தான். மேம்பாலம் ஏறும்போது அதன் ஓட்டுநர்கள் ஏசியை அணைத்ததில் ஆச்சரியமில்லை. இப்போதைய கார்களில், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் கம்ப்யூட்டரே கம்ப்ரஸரைச் சில நொடிகள் விடுவித்துவிடும்.

இந்தக் கிளட்ச் இல்லாமலும் ஒரு காலம் இருந்தது. தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி முதன்முதலில் கார் விற்றது அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம்; 1940 மாடலுக்காக 1939-ல் அறிமுகமானது. எஞ்சின் ஓடும் வரை அதன் கம்ப்ரஸரும் ஓடும். நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, இறங்கி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். காசு உள்ளவர்கள் வாங்கிய கார் அது; கழற்றியது பெரும்பாலும் டிரைவராகத்தான் இருந்திருக்கும்.

கணக்குக்கு வருவோம். வண்டி ஓரளவு குளிர்ந்த பிறகு கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடும். சராசரியாக ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேல் கேட்கும். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால் பங்குதான் எஞ்சினின் சுழற்சியாக மாறுகிறது, மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடுகிறது. ஆக, ஏசிக்கு மட்டும் மணிக்குச் சுமார் அரை லிட்டர். நல்ல வெயிலில் இன்னும் கூடும், மார்கழிக் காலையில் குறையும். பேச வசதியாக அரை லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

தாம்பரத்திலிருந்து கிண்டிப் பக்கம் காலை ஒன்பது மணிக்குப் போகிறீர்கள். 15 கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம். ஏசி இல்லாமல் லிட்டருக்கு 12 கொடுக்கும் வண்டி என்றால் ஒன்றேகால் லிட்டர் ஆகும். ஏசியின் அரை லிட்டரைச் சேர்த்தால் ஒன்றேமுக்கால், மைலேஜ் 8.6-க்கு இறங்கிவிடுகிறது. கிட்டத்தட்ட 30 சதவீத இழப்பு. அதே வண்டி செங்கல்பட்டைத் தாண்டித் திருச்சி சாலையில் மணிக்கு 80-ல் போகிறது. லிட்டருக்கு 20 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 4 லிட்டர். ஏசிக்கு இங்கேயும் அதே அரை லிட்டர்தான், மைலேஜ் 17.8. இழப்பு 11 சதவீதம். உண்மையில் ஹைவேயில் இன்னும் கொஞ்சம் குறையும். முன்புறம் ரேடியேட்டரை ஒட்டியிருக்கும் கண்டென்சருக்கு எதிர்காற்று நன்றாகக் கிடைப்பதால் கம்ப்ரஸருக்கு வேலை இலகுவாகிறது. கடும் வெயிலில் மைலேஜ் 25 சதவீதத்துக்கு மேல் குறையலாம், குறிப்பாகக் குறுகிய பயணங்களில், என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்வதும் இதனோடு ஒத்துப்போகிறது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. ஏசி ஓடும் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதே, அது கடற்காற்றின் ஈரம். காற்றைக் குளிர்விப்பதோடு அதில் கலந்திருக்கும் நீராவியையும் தண்ணீராக்கி வெளியேற்றினால்தான் உள்ளே சுகமாக இருக்கும். நீராவியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிக்கக் கிட்டத்தட்ட 0.7 யூனிட் வெப்பத்தை ஏசி உறிஞ்சியாக வேண்டும். வழக்கமான கார் ஏசியின் திறனை வைத்துப் பார்த்தால், அடியில் சொட்டிய ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் சுமார் 150 மில்லி பெட்ரோல் எரிந்திருக்கும். ஆகவே அதே 38 டிகிரியானாலும், புழுக்கமான சென்னையில் ஏசிக்கு வேலை அதிகம். வறண்ட வெயிலடிக்கும் வேலூரில் குறைவு. வெளிக்காற்றை இழுக்கும் பொத்தானை மூடி, உள்காற்றையே சுழலவிட்டால் ஒருமுறை உலர்த்திய காற்றை மறுபடி உலர்த்த வேண்டியதில்லை. நீண்ட பயணத்தில் அவ்வப்போது சில நிமிடம் வெளிக்காற்றை விடுவது நல்லது. மூடியே வைத்தால் தூக்கம் சொக்கும்.

அடுத்து, எல்லா டீக்கடையிலும் நடக்கும் விவாதம்: ஏசியா, ஜன்னலா? ஜன்னலைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கும், அதற்கு ஏசியே மேல் என்பது ஒரு கட்சி. இழுப்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு? நம் ஊர் ஹேட்ச்பேக் ஒன்று 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றை எதிர்க்கவே மொத்தம் அரை கிலோவாட்தான் செலவழிக்கிறது. ஜன்னல் திறப்பால் அதில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் 50 வாட். ஒரு ஃபேனுக்கு ஆகும் மின்சாரம். ஏசி கேட்பதோ ஆயிரம் வாட்டுக்கு மேல். நகரத்துக்குள் போட்டியே இல்லை. ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் காற்றை எதிர்க்க ஆகும் திறன் எட்டு மடங்காகும். 80-ல் அது சுமார் நாலரை கிலோவாட், 100-ல் எட்டரை. அங்கே பத்தில் ஒரு பங்கு என்பது அரை, முக்கால் கிலோவாட்டுக்கு மேல் என்று ஏசியை நெருங்கிவிடுகிறது. இரண்டும் சமமாகும் இடம் காருக்குக் கார் மாறும். ‘அறுபதைத் தாண்டினால் ஏசி’ என்று ஊருக்கெல்லாம் ஒரே எண் சொல்பவரை நம்ப வேண்டாம். என்னைக் கேட்டால், ஹைவேயில் ஏசியைப் போட்டுவிடுவதே சரி. எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் வித்தியாசம் சில ரூபாய்தான். முன்னால் போகும் மணல் லாரியின் தூசிக்கு அந்த விலை கொடுக்கலாம்.

ஷோரூமில் சொல்லும் மைலேஜில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? ‘ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ்’ என்று விளம்பரத்தில் வருவது, ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் காரை ஏற்றி, வகுத்துவைத்த வேகங்களில் ஓட்டி அளந்தது. ஏசியை அணைத்துவிட்டு அளந்தது. ஐரோப்பாவிலும் இந்த விஷயத்தில் அப்படித்தான். அமெரிக்காவோ 2008 மாடல்களிலிருந்து 35 டிகிரி வெப்பத்தில் ஏசியைப் போட்டு ஓட்டும் சோதனையையும் கணக்கில் சேர்த்து ஸ்டிக்கரில் அச்சிடுகிறது. ஆண்டில் எட்டு மாதம் ஏசி இல்லாமல் ஓட்ட முடியாத ஊரில், ஏசி இல்லாத மைலேஜை நம்பி வண்டி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

பெட்ரோலை அதிகம் விழுங்குவது முதல் பத்து நிமிடம் என்பதால், சிக்கனம் வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. அரிசோனா மாகாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோடையில் கார்களை வெயிலிலும் நிழலிலும் நிறுத்தி அளந்து, 2018-ல் வெளியிட்டார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உள்வெப்பம் சராசரியாக 47 டிகிரி, டேஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நின்றவற்றில் 38, 48. வெளியேற்ற வேண்டிய சூட்டில் பெரும்பகுதி காற்றில் இல்லை, சீட்டிலும் டேஷ்போர்டிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓரிரு தெரு ஓட்டினால் உள்ளிருக்கும் அனல் காற்று செலவில்லாமல் வெளியேறிவிடும். அதன் பிறகு கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போடலாம். வண்டியை நிறுத்தியபடியே ஏசியைப் போட்டு, குளிர்ந்த பிறகு கிளம்புவதுதான் இருப்பதிலேயே வீண்செலவு. முன்கண்ணாடிக்கு வெள்ளி நிற மடிப்பு அட்டை, அதுவும் இல்லையென்றால் ஒரு பழைய வேட்டி, நன்றாகவே உதவும். கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது சட்டச் சிக்கல். 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும் என்பது விதி.

குமிழ் விஷயத்தில் பலர் நினைப்பது தவறு. கூலிங் போதும் என்று குளிர்க் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நம்புகிறார்கள். மேனுவல் ஏசி உள்ள பல கார்களில் அப்படி நடப்பதில்லை. ஏசி காற்றை எப்போதும்போலக் குளிர்விக்கும். அதோடு எஞ்சின் சூட்டில் காய்ந்த காற்றைக் கலந்து உங்களுக்கு இதமாக்கிக் கொடுக்கும். குளிர்வித்த செலவு அப்படியேதான். ஃபேன் வேகத்தைக் குறைப்பதுதான் பலன் தரும்: கடக்கும் காற்று குறைந்தால், கம்ப்ரஸர் சீக்கிரம் ஓய்வெடுக்கும். டிகிரி எண் காட்டும் ஆட்டோமேட்டிக் ஏசியில் 18 வைப்பதற்கும் 24 வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கண்டென்சரில் அடைத்த சேறும் பூச்சியும், மாற்றாத கேபின் ஃபில்டரும், கசிந்து குறைந்த கேஸும் கம்ப்ரஸரை ஓயவிடாமல் ஓட்டும். ஐப்பசி மழையில் முன்கண்ணாடி பனிபோல் மூடும்போது மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஈரத்தை எடுத்துக் கண்ணாடியைத் தெளியவைக்க ஏசியை விட்டால் வேகமான வழி இல்லை.

எலெக்ட்ரிக் காரிலும் ஏசி மணிக்கணக்கில்தான் குடிக்கிறது. ஆனால் நெரிசலில் நிற்கும்போது சும்மா ஓடும் எஞ்சின் அங்கே இல்லை. ஒரு மணி நேரம் நின்றபடி ஏசி போட்டால் ஒரு யூனிட், அதாவது ஆறேழு கிலோமீட்டர் ரேஞ்ச் போகும், அவ்வளவே. பெட்ரோல் காரில் அதே ஒரு மணி நேரத்துக்கு, ஏசிக்காகவே எஞ்சினை ஓடவிடுவதால், ஒரு லிட்டர் வரை காலியாகும்.

இந்த ஒரு லிட்டரை யார் கொடுப்பது என்பதில்தான் டாக்ஸிச் சண்டைகள் கிளம்புகின்றன. வெளியூர் வாடகை கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா இவ்வளவு என்று பேசப்படுகிறது. குடும்பம் கோயிலுக்குள் வரிசையில் நிற்க, தூங்கும் குழந்தைக்காக வெளியே ஏசி ஓடிக்கொண்டிருந்தால் மீட்டரில் ஒரு கிலோமீட்டரும் ஏறுவதில்லை, நூறு ரூபாய் பெட்ரோல் மட்டும் இறங்குகிறது. மூடிய கார் ஷெட்டில் இப்படி எஞ்சினை ஓடவிட்டு உள்ளே தூங்குவது கார்பன் மோனாக்ஸைடால் உயிருக்கே ஆபத்து என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 ஏப்ரலில் ஹைதராபாத்தில் ஆப் டாக்ஸி ஓட்டுநர்கள், கொடுக்கும் கட்டணத்துக்கு ஏசி கட்டுப்படியாகாது என்று ‘நோ ஏசி’ இயக்கமே நடத்தினார்கள். பயணிக்கு அது டிரைவரின் கஞ்சத்தனமாகத் தெரிந்தது. காலை ஒன்பது மணி நெரிசலுக்குரிய கணக்கை மேலே பார்த்தோம். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

இப்போது இந்தச் சிக்கல் லாரிக்கும் வந்திருக்கிறது. மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களில் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகுபவற்றுக்கு ஏசி கேபின் கட்டாயம். ஓடும்போது லாரி குடிக்கும் டீசலில் ஏசியின் பங்கு மிகச் சிறியது, மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டரோடு இன்னொரு அரை லிட்டர். குடோன் வாசலில் லோடு இறங்கக் காத்திருக்கும் மதியங்களில்தான் அது கண்ணில் படும். நம் லாரி செட்டுகளில் டீசல் கணக்கு இன்றும் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்றுதான் பார்க்கப்படுகிறது. குறைந்தால் டிரைவர் பதில் சொல்ல வேண்டும். காத்திருந்த மணிகளுக்கு அந்த நோட்டில் பத்தி கிடையாது. முதலாளிகள் அதையும் ஒரு பத்தியாகச் சேர்க்காத வரை, புது கேபினின் ஏசி ஸ்விட்சை டிரைவர்கள் எவ்வளவு துணிந்து தொடுவார்கள் என்பது சந்தேகம்தான்.