டி.வி.யில் இறங்கிய ரம்பம்!

குட்டீஸ், துவாக்குடி தொழிற்பேட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? பட்டறைகளில் இரும்பை அறுக்கும் 'கிர்ர்ர்...' சத்தம் காதைத் துளைக்கும். இரும்பையே துண்டாக்கும் அப்படி ஒரு ரம்பம், ஒரு பெண்ணின் இடுப்பில் இறங்கினால்?

'ஐயையோ!' என்கிறீர்களா? 1956-ம் ஆண்டு இங்கிலாந்து மக்களும் அப்படித்தான் அலறினார்கள். அலற வைத்தவர் நம் நாட்டு மேஜிக் நிபுணர் பி.சி.சர்க்கார்!

இவர் 1913-ல் வங்காளத்தின் டாங்காயில் பகுதியில் பிறந்தவர். (அது இப்போது பங்களாதேஷில் இருக்கிறது.) கல்லூரியில் படித்தது கணக்கு. மனசு முழுக்க மேஜிக்! 'சர்க்கார்' என்றால் நமக்கு அரசாங்கம்தானே நினைவுக்கு வரும்? இவரோ ஆங்கிலத்தில் மந்திரவாதியைக் குறிக்கும் 'சார்சரர்' என்ற சொல் போல ஒலிக்கும்படி, தன் பெயரின் எழுத்துகளையே மாற்றிக்கொண்டார். மகாராஜா உடை, தலைப்பாகையுடன்தான் மேடை ஏறுவார். நிகழ்ச்சியின் பெயர் 'இந்திரஜால்'.

லண்டனில் 'டியூக் ஆஃப் யார்க்' தியேட்டரில் மேஜிக் காட்ட வந்திருந்தார் சர்க்கார். ஊரோ புதிது. டிக்கெட் விற்க வேண்டுமே! அப்போதுதான் பி.பி.சி. டெலிவிஷனில் 'பனோரமா' என்ற நிகழ்ச்சியில் வித்தை காட்ட வாய்ப்பு வந்தது.

அந்தக் காலத்தில் டி.வி. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரடி ஒளிபரப்புதான். பதிவு செய்து, பிடிக்காததை வெட்டி எறிகிற வசதி எல்லாம் கிடையாது. தப்பு நடந்தால் அதையும் ஊரே பார்க்கும்! நேரம் முடிந்தால் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஏப்ரல் 9, இரவு. 17 வயது தீப்தி டே மேஜை மேல் படுத்திருந்தார். மின்சார ரம்பம் சுழன்றபடி கீழே இறங்கியது. அறுத்து முடித்ததும், அவரை எழுப்ப முயன்றார் சர்க்கார். அசைவே இல்லை! அவர் முகத்தைத் துணியால் மூடினார். உடனே தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கேமரா முன் வந்து, நிகழ்ச்சி முடிந்தது என்று அறிவித்துவிட்டார்!

அவ்வளவுதான். பார்த்தவர்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. 'அந்தப் பெண் செத்துவிட்டாளா?' என்று கேட்டு பி.பி.சி.க்கு போன் மேல் போன்! டெலிபோன் இணைப்புகளே திணறின.

தீப்திக்கு ஒரு கீறல்கூட இல்லை. நேரம் முடிந்துவிட்டது என்று விளக்கம் சொன்னது பி.பி.சி. மறுநாள் பேப்பர்களில் சர்க்கார்தான் தலைப்புச் செய்தி. டிக்கெட்டுகளும் விற்றுத் தீர்ந்தன!

ஒன்றைக் கவனித்தீர்களா? பெண்ணை அறுக்கும் வித்தை லண்டனுக்குப் புதிதல்ல. 1921-லேயே செல்பிட் என்பவர் அங்கே அதை மேடையில் காட்டிவிட்டார். ஆனால் மேடையில் அந்தப் பெண் எழுந்து சிரித்த பிறகுதான் திரை விழும். டி.வி.யில் அந்தச் சிரிப்பு வருவதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிட்டது! ரம்பத்தை விடக் கடிகாரம்தான் மக்களைப் பயமுறுத்தியது.

அப்போது நம் நாட்டில் டி.வி.யே கிடையாது. டெல்லிக்கு 1959-ல்தான் வந்தது. சென்னைக்கு 1975-ல்! சர்க்காருக்கு 1964-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1971-ல், ஜப்பானில் மேஜிக் நிகழ்ச்சிகள் நடத்தப் போன இடத்தில் காலமானார். 2010-ல் அவர் படத்துடன் தபால் தலை வெளியானது.

குட்டீஸ், மேஜிக்காரர் 'இது வித்தை' என்று சொல்லிவிட்டுத்தான் நம்மை ஏமாற்றுகிறார். செல்போனில் வரும் வீடியோக்கள் எல்லாம் அப்படிச் சொல்வதில்லையே! 'கண்ணால் காண்பதும் பொய்' என்று பாட்டி சொல்வது இதைத்தான். அடுத்த முறை பதற வைக்கும் வீடியோ எதையாவது பார்த்தால், 'இதற்கு முன்னால் என்ன நடந்தது? பின்னால் என்ன நடந்தது?' என்று கேட்டுவிட்டு அப்புறம் நம்புங்கள். சரியா?

ஆங்... ரம்பத்தை மட்டும் வீட்டில் தொட்டுவிடாதீர்கள்!