வேலையோடு பிணைந்த கூரை

இலங்கையின் மலையகத் தோட்டப்புறங்களில் வீடற்ற இளைஞர் தெருவோரங்களில் அரிதாகவே தென்படுவதால், அத்தகையோர் அங்கு இல்லை என்றே பலரும் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் நுவரெலியா, ஹட்டன், டயகம முதலிய இடங்களில் வீட்டைவிட்டு வெளியேறும் பதின்ம வயதினர் பலர், கொழும்பிலுள்ள கடைகளின் பின்னறைகளிலும் வசதி படைத்தோர் வீட்டுச் சமையலறைகளின் ஓரங்களிலும் உறங்குகின்றனர். வேலை கொடுப்பவரே உறைவிடமும் தருவதால், கொடுமை தாளாது அவ்வேலையை விட்டுத் தப்பும் சிறுமி அன்றிரவே தங்குமிடத்தையும் இழக்கிறாள்.

அவள் விட்டுவந்த வீட்டின் நிலையும் ஏறத்தாழ இதுவே. லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பின் ஒரே காம்பராவில், அதாவது அறையில், மூன்று தலைமுறையினர் நெருங்கி வாழ்வதுண்டு. அக்காம்பராவோ குடும்பத்துக்கன்றித் தோட்ட நிருவாகத்துக்கு உரியதாகவே பெரும்பாலும் இருந்துவந்துள்ளது. தந்தையின் குடி, தீராக் கடன், தாய் மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக இருத்தல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலே பிள்ளை வெளியேறப் போதுமானதாகிவிடுகிறது. அவ்வேளையில் தரகர் காட்டும் கொழும்பு வேலை விடுதலையாகவே தோன்றுகிறது. கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் பணிபுரிந்த டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, 2021 ஜூலையில் தீக்காயங்களுடன் மருத்துவமனையில் உயிரிழந்தபோது மலையகமெங்கும் எழுந்த கொதிப்பு, பிள்ளைகள் வீட்டுவேலைக்குச் செல்லும் இவ்வழக்கம் எத்தனை குடும்பங்களைத் தொட்டிருந்தது என்பதை உணர்த்திற்று.

1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை, 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடுகளை ஏற்கிறது. மீட்கப்படும் பிள்ளையை நன்னடத்தை உத்தியோகத்தர், அதாவது சிறுவர் பராமரிப்புக்குப் பொறுப்பான அரச அலுவலர், நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்துகிறார். நீதிமன்றம் பிள்ளையைப் பெற்றோரிடமோ சிறுவர் இல்லத்திலோ ஒப்படைக்கிறது. நுவரெலியாவில் எஸ்.ஓ.எஸ். சிறுவர் கிராமமும் இயங்குகிறது. பராமரிப்பு ஆணை பொதுவாக 18 வயதோடு முடிவடைகிறது. அதன்பின் இளைஞர் திரும்ப வேண்டியது அதே காம்பராவுக்கா என்ற வினாவுக்கு இம்முறைமையில் தெளிவான விடையில்லை.

இவ்விடைவெளியை நிரப்புவதே இடைக்கால உறைவிடம். அவசரப் புகலிடம் சில நாட்களுக்குப் பாதுகாப்பும் உணவும் தருவது. இடைக்கால உறைவிடமோ ஓராண்டுக்கும் மேலாக ஓர் அறையைத் தந்து, தொழிற்பயிற்சி, வரவுசெலவு, சமையல், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைப் பழக்கித் தனித்து வாழ ஆயத்தப்படுத்துவது. வீட்டைவிட்டு ஓடிய இளையோருக்கென 1974இல் சட்டமியற்றிய அமெரிக்காவில், அவசரப் புகலிடத்தில் 21 நாட்களும், 16 முதல் 21 வயதினருக்கான இடைக்கால உறைவிடத்தில் பொதுவாக 540 நாட்களும் தங்கலாம்.

மலையகத்தில் இத்தகைய உறைவிடம் முகவரியாகவும் பயன்பட வேண்டும். தோட்டத்தில் வசிப்போரின் தேசிய அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் அத்தாட்சிப்படுத்துவது வழக்கமாதலால், தோட்டத்தை விட்டு ஓடிய இளைஞருக்கு அந்த அட்டையைப் பெறுவதே கடினமாகிறது. அட்டையின்றி முறையான வேலையோ வாடகை அறையோ கிடைப்பது அரிது. லயக் குடும்பங்களுக்குக் காணியுடன் தனி வீடு வழங்கும் திட்டங்கள் பெரிதும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் அவை குடும்பத்தை அலகாகக் கொள்வதால், குடும்பத்தைப் பிரிந்த இளையோர் அவற்றின் கணக்கில் வருவதில்லை. ஹட்டன், தலவாக்கலை போன்ற நகரங்களில், மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தின் மேற்பார்வையில், 18 வயதைக் கடந்தோருக்கும் இடமளிக்கும் சிறு உறைவிடங்களை அமைப்பது, வீடமைப்புத் திட்டங்களின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.