சித்தன்னவாசல் தாமரைப் பொய்கை

இயற்கைப் பொருள்களை உள்ளது உள்ளவாறே தீட்டிக் காட்டுதல் ஓவியர்க்கு என்றும் விருப்பமான செயலாகும். 17-ஆம் நூற்றாண்டில் ஆலந்து நாட்டு ஓவியர் சிலர், வேட்டையில் வீழ்ந்த பறவைகளையும் முயல்களையும் பொருளாகக் கொண்டு படங்கள் வரைந்தனர். யான் வீனிக்ஸ் என்பார் அவர்களுள் பெயர் பெற்றவர். அவர் தீட்டிய இறகுகளைக் கண்டால், தொட்டுப் பார்க்கவே கை எழும். ஆயினும் அவை உயிர் நீங்கிய பறவைகள். உயிரோடு நீந்தும் பறவைகளையும் நீர்நிலை ஒன்றன் வாழ்வு முழுவதையும் அவர்களுக்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே தீட்டிய ஓவியர் நம் தமிழகத்தில் இருந்தனர். அவர்தம் கைவண்ணத்தைப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில் காணலாம்.

புதுக்கோட்டை நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், வறண்ட நிலத்தினிடையே ஒரு நெடிய பாறைக் குன்று எழுந்து நிற்கின்றது. அதன் கிழக்குப் புறத்தில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை உள்ளது. அங்கே சமணத் துறவியர் தங்கிய கற்படுக்கைகளும், கி.மு. முதல் நூற்றாண்டினது எனக் கருதப்படும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. மேற்குப் புறத்தில் பாறையைக் குடைந்து அமைத்த அறிவர் கோயில் இருக்கின்றது. கோயில் சிறியதே. ஆயினும் அதன் முன்னறையில் நின்று அண்ணாந்து நோக்குவோர்க்குத் தலைக்கு மேலே ஒரு பொய்கை விரிகின்றது.

விதானம் எங்கும் தாமரை இலைகள் பசுமையாகப் படர்ந்துள்ளன. அவற்றினிடையே அரும்புகளும், இதழ் அவிழும் போதுகளும், முற்ற விரிந்த மலர்களும் தோன்றுகின்றன. மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்களும் பிற நீர்ப்பறவைகளும் உலவுகின்றன, எருமைகளும் யானைகளும் நீரில் இறங்கித் திளைக்கின்றன. இவற்றின் நடுவே மூவர் மலர் பறிக்கின்றனர். ஒருவர் கையில் பூக்கூடை தொங்குகின்றது. இடையில் சிற்றாடை மட்டும் உடுத்த அவர்கள் முகத்தில் அமைதி நிலவுகின்றது.

இஃது ஒளிப்படம் போன்ற நகல் அன்று. பொய்கையை மேலிருந்து நோக்குவது போலவும், அதிலுள்ள உயிர்களைப் பக்கத்திலிருந்து நோக்குவது போலவும் ஓவியர் அமைத்துள்ளார். அங்ஙனமிருந்தும் அவர் காட்டும் பொய்கை மெய்யானதாகவே நமக்குத் தோன்றுகின்றது. காரணம் யாது? ஒரு மலரைப் போல் மற்றொரு மலரை அவர் வரையவில்லை. ஊர்க் குளத்தின் கரையில் பல நாள் நின்று, இலை மடங்குவதையும் தண்டு வளைவதையும் கண்டவரே இவ்வாறு தீட்ட இயலும். யானையையும் அன்னத்தையும் நீக்கிப் பார்த்தால், இங்குள்ள காட்சி கண்மாய்க் கரையில் வளர்ந்த சிறுவர்க்குப் புதியதன்று.

இவ்வோவியத்திற்குச் சமயப் பொருளும் உண்டு. முற்றறிவு எய்திய தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் பேரவையைச் சமவசரணம் என்பர் சமணர். அதனை அடைவோர் கடந்து செல்லும் நிலங்களுள் ஒன்று நீர்நிலை. அங்கே இறங்கி மலர் கொய்யும் நல்லோரே இம்மூவரும் என்பது அறிஞர் கருத்து. சமணத்தின் தலையாய அறம் கொல்லாமை. வில்லும் வலையும் இல்லாத இப்பொய்கையில் மனிதரைக் கண்டு பறவையும் மீனும் அஞ்சவில்லை. அறத்தின் பெருமையைச் சொல்லால் கூறாது காட்சியால் உணர்த்திய திறம் போற்றத்தக்கது.

இவ்வோவியங்களின் சிறப்பை 1920-ஆம் ஆண்டளவில் கோபிநாத ராவும், பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ருயிலும் உலகறியச் செய்தனர். இவை முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தன என்று தொடக்கத்தில் எண்ணினர். பின்னர், கோயிலின் முகப்பில் உள்ள தமிழ்க் கல்வெட்டு வேறு செய்தி தந்தது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் இக்கோயிலைப் புதுப்பித்தார் என அறிகின்றோம். எனவே, இன்று நாம் காணும் ஓவியங்கள் கி.பி. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கொள்வர்.

பாறையின் மீது சுண்ணச்சாந்து பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டியுள்ளனர். சாந்தின் ஈரம் உலருமுன் தீட்டினரா, உலர்ந்தபின் தீட்டினரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சுண்ணாம்பு வெண்மையையும், கரி கருமையையும், காவிக்கற்கள் சிவப்பையும் மஞ்சளையும் தந்தன. மண்ணிலும் கல்லிலும் பிறந்த வண்ணங்களாதலின் அவை எளிதில் மங்கவில்லை.

ஆயிரம் ஆண்டுக் காலம் தாங்கி நின்ற அவ்வண்ணங்கள் இன்று பல இடங்களில் உதிர்ந்துள்ளன. தூண்களில் உள்ள ஆடல் மகளிர் உருவங்களும் அரசன் அரசி உருவங்களும் சிதைந்துள்ளன. கால வெள்ளம் அழித்தது ஒரு பகுதி. மனிதர் கைகள் அழித்தது மற்றொரு பகுதி. சுவரில் தம் பெயரைக் கீறிச் செல்வோர், ஒரு நொடி இன்பத்திற்காக ஓர் ஓவியனின் வாழ்நாள் உழைப்பைக் கெடுக்கின்றனர். இந்தியத் தொல்லியல் துறை இக்கோயிலைப் பாதுகாத்து வருகின்றது. ஆயினும் காவலர் கண்ணைவிடக் காண்போர் மனமே சிறந்த காவலாகும்.

மாணவர்களே! சித்தன்னவாசலுக்குச் செல்லுங்கள், தொடாமல் நின்று, கண்ணாரக் காணுங்கள். பின்னர் உங்கள் ஊர்க் குளத்தின் கரைக்குச் சென்று, அங்குள்ள மலரையும் மீனையும் பறவையையும் அவ்வோவியன் கண்ட கண்ணால் நோக்குங்கள். குளம் தூர்ந்து போனால், அந்த ஓவியம் காட்டும் வாழ்வு விதானத்தில் மட்டுமே எஞ்சும். விதானத்துப் பொய்கையையும் ஊர்ப் பொய்கையையும் ஒருங்கே காப்பது நம் கடமையாகும்.