ஓவியத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு பஞ்சமி பட்டாவுக்கும் வேண்டும்

காஞ்சிபுரத்தின் தென்மேற்கே, வேகவதி ஆற்றுக்கு அருகில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். சமணக் காஞ்சி என்பது இந்த ஊர்தான். இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலில், 1387-ஆம் ஆண்டையொட்டி விஜயநகர அமைச்சர் இருகப்பர் சங்கீத மண்டபத்தைக் கட்டினார். அதன் விதானம் முழுக்கத் தீர்த்தங்கரர் கதைகள் வண்ண ஓவியங்களாக இருக்கின்றன.

இந்தக் கோயில்களைப் பற்றி டி.என்.ராமச்சந்திரன் எழுதிய தனி நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934-இல் வெளியிட்டது. எனவே நாளை ஓவியம் மங்கினாலும், அங்கே என்ன இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆவணப்படுத்துவதன் பலன் இதுதான்.

நம் மக்களின் வரலாற்றுக்கு இந்தப் பலன் கிடைத்ததா?

இதே மாவட்டத்தில்தான் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலக் குடவோலைக் கல்வெட்டை எல்லோரும் பெருமையோடு பேசுகிறோம். ஆனால், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் வேதப் பயிற்சியும் உள்ளவரின் பெயரைத்தான் குடத்தில் இட முடியும் என்கிறது அந்தக் கல்வெட்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நாம் வருகிறோம். பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று, வரி நீக்கிய இடங்களின் பட்டியலில்!

நம் கல்வெட்டு காகிதத்தில் இருக்கிறது. காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அங்கே ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், 1891-இல் நம் முன்னோரின் நிலமற்ற, அடிமை நிலையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். 30.9.1892-இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது அப்படித்தான். முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையை மீறிக் கைமாறிய நிலங்களைத்தான் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

அந்த நிலங்களுக்குச் சான்றான பழைய பட்டாக்கள் எங்கே? சேரி வீடுகளின் தகரப் பெட்டிகளில் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. அவை அழிந்தால் வரலாற்றோடு வழக்கும் போய்விடும்.

மாவட்ட அருங்காட்சியகங்களில் உழுகுடி வரலாற்றுக்கென ஓர் அறை வேண்டும். திரமென்ஹீர் அறிக்கையும், நிபந்தனைப் பட்டாவும், பறையும், ஏற்றமும், அறுவடைக் கருவிகளும் அங்கே வர வேண்டும்.

மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். வீட்டிலுள்ள பட்டாவைப் படமெடுத்து வையுங்கள். 1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்தச் சர்வே எண் யாருக்கு, எந்த நிபந்தனையில் தரப்பட்டது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும், தொடங்கிவிடலாம்.