யுபிவிசி கதவும் பூட்டும்
கோடையில் ஊருக்குப் புறப்படுமுன் யுபிவிசி வாசற்கதவைக் கவனியுங்கள். பல கதவுகளில் கைப்பிடியை மேலே தூக்கினால்தான் மேலும் கீழும் உள்ள கொக்கிகள் சட்டத்தில் மாட்டும். அதன்பின் சாவியைத் திருப்பிப் பூட்ட வேண்டும். வெறுமனே சாத்திவிட்டுப் போவது பூட்டியதாகாது.

"பூட்டு கெட்டுவிட்டது" என்று அழைப்பவர்களிடம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பூட்டிப் பார்க்கும்படி நான் முதலில் சொல்வேன். எளிதாகப் பூட்டினால் பழுது பூட்டில் இல்லை, கதவு இறங்கியிருக்கிறது. கீலை ஆலன் சாவியால் சரிசெய்தால் போதும். அப்போதும் சாவி இறுகினால் எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டும். கிராஃபைட் தூள் இடுங்கள்.

சாவி நுழையும் சிலிண்டர் வெளியே 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டியிருந்தால் ஆபத்து. திருகாணித் துளையுள்ள அதன் நடுப்பகுதி மெலிந்தது. திருடன் இடுக்கியால் பிடித்து ஒடித்துவிடுவான். கதவின் விளிம்பிலுள்ள அந்தத் திருகாணியைக் கழற்றி, சாவியைச் சற்றே திருப்பி இழுத்தால் சிலிண்டர் வந்துவிடும். திருகாணியிலிருந்து உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் அளந்து, பொருத்தமானதை வாங்கி மாட்டுங்கள்.