கத்தரிச் செடியில் ஒரு தையற்காரி

கண்டிக்கு வருகிறவர்கள் பறவை பார்ப்பதற்கென்று உடவத்தகெலைக் காட்டுக்குப் போவார்கள். தலதா மாளிகைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் காடு 1938 இல் சரணாலயமாக்கப்பட்டது. கழுத்தில் தொலைநோக்கி, கையில் புத்தகம், நுழைவுச் சீட்டு. நான் சொல்ல வருகிற குருவிக்கு இவை ஒன்றும் தேவையில்லை. குசினி வாசலில் தேநீரோடு நின்றால் போதும்.

தையற்சிட்டு என்பது அதன் பெயர். தையற்காரக் குருவி என்றும் சொல்வார்கள். ஒரு விரலை விடச் சற்றுப் பெரிய உடம்பு. உச்சந்தலை செம்மண் நிறம், முதுகு இலைப்பச்சை, வயிறு வெளிறிய வெள்ளை. வால் எப்போதும் நிமிர்ந்து நிற்கும். பத்து கிராம் நிறை கூட இல்லாத இந்தக் குருவி கத்தினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். இத்தனை சிறிய தொண்டைக்குள் இவ்வளவு சத்தம் எப்படி அடங்கியது என்று இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான்.

நான் இதை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தது 2014 பங்குனியில். பேராதனையில் சமூகவியல் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. கட்டுகஸ்தோட்டைக்கு அருகே ஒரு வாடகை வீட்டில் பெண்களுக்கான தையல் வகுப்பு நடந்தது. ஏழு பேர் வருவார்கள். சிலர் தோட்டப்புறத்தைச் சேர்ந்தவர்கள். சிலர் வன்னியிலிருந்து வைத்தியத்துக்காக வந்து கண்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள். அவர்களில் கிளிநொச்சி அக்கா ஒருவர். இடது தோளில் ஷெல் துண்டு. மூத்த மகனைப் பற்றி 2009 வைகாசிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவர் எப்போதும் சுவரைப் பார்த்தபடிதான் மெஷினில் இருப்பார். வாசல் பக்கம் திரும்ப மாட்டார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

கூட்டி வாசலோரம் ஒதுக்கிய துண்டு நூல்கள் குறைவதை முதலில் கண்டவர் அவர்தான்.

"தங்கச்சி, ஆரோ நூல் எடுக்கினம்" என்றார். யார் என்று பார்த்தால், முற்றத்துக் கத்தரிச் செடிக்கும் வாசலுக்குமாகப் பறந்துகொண்டிருந்தது அந்தச் சிட்டு. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பட்டிச்சா, பட்டிச்சா" என்று சிரித்தார். சிங்களத்தில் அதன் பெயர் அது.

அது கூடு கட்டும் விதத்தைத் தைக்கத் தெரிந்தவர்கள் பார்த்தால்தான் அருமை விளங்கும். அகலமான ஓர் இலையைச் சுருட்டி, அல்லது பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று இலைகளைச் சேர்த்து, ஓரங்களில் கூரிய அலகால் துளை போடும். அந்தத் துளை வழியே சிலந்தி நூல், இலவம் பஞ்சு, நம் வீட்டு நூல், எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு இழுத்துத் தைக்கும். துளை மிகவும் நுண்ணியது. அதனால் இலை கருகாது. காம்பிலேயே பச்சையாக நிற்கும். இலையின் மேற்புறம் வெளியே தெரியும்படி தைப்பதால் தூர நின்று பார்ப்பவருக்கு அது வெறும் இலைதான். உள்ளே பஞ்சு மெத்தை.

இந்தச் சிட்டைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். 1752 முதல் 1757 வரை இங்கே ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டன், இலங்கையில் பிறந்த டி பெவர் என்ற ஓவியரைக் கொண்டு நமது பறவைகளை வரைய வைத்தார். இங்கிலாந்துக்குப் போன அந்தப் படங்களை வைத்து தோமஸ் பென்னன்ட் 1769 இல் எழுதிய நூலில்தான் தையற்சிட்டு உலகத்துக்கு அறிமுகமாயிற்று. அவர் இந்த நாட்டுக்கு வந்தவர் அல்ல. விழுந்த காய்ந்த இலையைப் பொறுக்கி வந்து பச்சை இலையோடு சேர்த்துத் தைக்கும் என்று எழுதிவிட்டார். பிற்பாடு ஜேர்டன் என்பவர், நூலின் நுனியில் முடிச்சுப் போடும் என்றார். அதுவும் சரியல்ல. துளைக்கு வெளியே வரும் நுனி பஞ்சு போல விரிந்து, ஆணித்தலை மாதிரி பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

ருட்யார்ட் கிப்லிங் 1894 இல் வெளியிட்ட 'ஜங்கிள் புக்' நூலில் கீரியும் நாகமும் சண்டையிடும் கதையில் ஒரு தையற்சிட்டுச் சோடி வருகிறது. ஆண் பாட்டுப் பாடிக்கொண்டே இருக்கிறது. சிறகு முறிந்தது போல நடித்து, நாகபாம்பைத் தூர இழுத்துப் போய், கீரிக்கு வழிவிட்டுக் கொடுப்பது பெண் குருவி. ஆணுக்கு 'டார்சி' என்று பெயர் வைத்த எழுத்தாளர் பெண்ணுக்குப் பெயரே வைக்கவில்லை. வகுப்பில் இதைச் சொன்னபோது, "வேற என்ன செய்வினம்" என்று ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன. எல்லோருக்கும் காட்டுகிற ஆசையில் நான் இலையை விலக்கிக் காட்டினேன். ஒரு நாள் அல்ல, மூன்று நாள். நாலாம் நாள் காலையில் இலை கிழிந்து தொங்கியது. செடிக்குக் கீழே செண்பகம் உலாவிக்கொண்டிருந்தது. ஓணான், எலி, பூனை, செண்பகம் எல்லாம் இந்தக் கூட்டுக்கு எதிரிகள்தான். என்றாலும், மறைந்திருந்ததை விலக்கி வழிகாட்டியது என் கை என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை. அக்கா இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் வந்தார். என்னைக் குறை சொல்லவில்லை. "குருவி எங்கை?" என்று மட்டும் கேட்டார். மதிலோரம் வளர்ந்திருந்த கொக்கோக் கன்றில் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவர் தன் மெஷினை வாசல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

குருவி மறுபடி கட்டியதைப் போல நாமும் கட்ட வேண்டும் என்று எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. கூட்டங்களில் அப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். குருவிக்கு அடுத்த கிளை இருந்தது. காணி கேட்டு எந்தக் கந்தோருக்கும் அது நடக்கவில்லை. நான் கண்டது வேறு. அந்த மூன்று நான்கு கிழமைகளில் ஏழு பேருக்கும் காலையில் வந்ததும் கேட்பதற்கு ஒரு கேள்வி இருந்தது. அது துயரம் பற்றிய கேள்வி அல்ல.

இந்த முறை எவரும் கிட்டப் போகவில்லை. பத்தடி தள்ளி நின்று பார்த்தோம். மதிலுக்கு அப்பாலிருந்த அம்மா தன் பூனையைப் பகலில் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். அவருக்கும் அக்காவுக்கும் பொதுவாக ஒரு மொழியும் இருக்கவில்லை. விரல்களால் முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை என்று கதைத்துக்கொண்டார்கள். அடைகாப்பது ஏறக்குறைய பன்னிரண்டு நாள். பொரித்த பிறகு குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேற இரண்டு கிழமை. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் புழு கொண்டு வரும். வாலின் நடுவில் இரண்டு இறகு நீண்டிருந்தால் அது ஆண். கூடு வைக்கும் காலத்தில்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

கடைசியில் இரண்டு குஞ்சுகள் வெளியே வந்தன. ஒன்று தத்தித் தத்தி வந்து யன்னல் கம்பியில் இருந்தது. வால் இன்னும் முளைக்கவில்லை. அன்றைக்கு மெஷின் எதுவும் ஓடவில்லை.

உங்கள் வளவிலும் இது இருக்கக்கூடும். நம் நாட்டில் பங்குனி முதல் வைகாசி வரையும், ஆவணி, புரட்டாதியிலும் அதிகமாகக் கூடு வைக்கும். மற்ற மாதங்களிலும் இல்லாமல் இல்லை. அந்த நாட்களில் கத்தரி, வெண்டி போன்ற அகன்ற இலைச் செடிகளை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். பூச்சிமருந்து அடித்தால் குஞ்சுக்கு உணவில்லை. நூல் போடுவதானால் அரை விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம், நீண்ட நூல் காலில் சுற்றிக்கொள்ளும். பஞ்சு இன்னும் நல்லது. அமெரிக்காவில் ரென் என்றொரு சிறு குருவிக்கு வீட்டு முற்றத்தில் மரப்பெட்டி கட்டித் தொங்கவிடுவார்கள். நம்முடைய சிட்டுக்குப் பெட்டி தேவையில்லை. இலையும் கொஞ்சம் தூரமும் போதும்.

குஞ்சுகள் போன பிறகு வெறும் கூட்டை வெட்டி உள்ளே கொண்டு வந்தோம். ஏழு பேரும் ஊசி பிடிக்கும் கண்களால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நீல நூல் ஒன்று இரண்டு துளைகளினூடே போயிருந்தது. அது பாடசாலைச் சீருடை தைத்த மிச்சம். "முடிச்சே இல்லை, பிரியவும் இல்லை" என்றார் அக்கா. அந்தக் கூட்டை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார்.

அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியவர் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். தையல் வேலை கிடைக்கிறதா என்று நான் கேட்பதற்குள் அவரே தொடங்கினார்.

"தங்கச்சி, இஞ்சையும் நிக்குது. வெண்டியிலை கட்டுது. நான் கிட்டப் போகேல்லை."